தொடர்புப்போக்கு ஆய்வு: யூலின் ஏழையர் கணக்கு வழியே ஒரு விளக்கம்

பன்மாறித் தொடர்புப்போக்கு ஆய்வு என்பது, ஒரு மாறியின் ஏற்ற இறக்கத்தை வேறு சில மாறிகளின் ஏற்ற இறக்கங்களோடு ஒரே சமன்பாட்டில் இணைத்துப் பார்க்கும் புள்ளியியல் முறையாகும். பொருளியல், சமூகவியல், அரசறிவியல், கல்வியியல் ஆகிய துறைகளில் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க விரும்பும் மாணவருக்கு இம்முறை தெரிந்திருக்க வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு ஆகியவை தொடக்கநிலைப் பாடங்கள். அவற்றுக்கு அடுத்த இடைநிலைப் பாடத்தின் பெரும்பகுதி இதுவே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் தொடர்புப்போக்கு என்றும், இலங்கைப் பாடநூல்கள் பிற்செலவு என்றும் குறிப்பிடுகின்றன. பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே.

இன்று இந்தக் கணக்கைப் போடுவது கடினமன்று. கணினியில் தரவை ஏற்றினால் நொடியில் விடை வந்துவிடும். வந்த கெழுவை எப்படி வாசிப்பது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகின்றனர், ஆய்வாளர்களும் சில நேரங்களில் தவறுகின்றனர். ஆகவே இக்கட்டுரை சூத்திரங்களை அடுக்காமல், பன்மாறிச் சமன்பாட்டைச் சமூகக் கேள்வி ஒன்றுக்கு முதன்முதலில் பயன்படுத்திய ஆய்வுகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு முறையை விளக்குகிறது. ஜார்ஜ் உட்னி யூல் 1899இல் வெளியிட்ட இங்கிலாந்து ஏழையர் பற்றிய ஆய்வு அது. ஏழை முதியவருக்கும் கைம்பெண்ணுக்கும் அவரவர் வீட்டிலேயே உதவி தருவதா, மறுப்பதா என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது.

பெயர் வந்த வழி

பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். அவரிடம் 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய 928 பிள்ளைகள் பற்றிய அளவுகள் இருந்தன. பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவோடு பொருத்திக்கொண்டார். பெற்றோரின் சராசரி உயரம் பொதுச் சராசரியிலிருந்து 3 அங்குலம் கூடியிருந்தால், பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ 2 அங்குலமே கூடியிருப்பதைக் கண்டார். நெட்டையர் பிள்ளைகள் நெட்டையரே, ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. சராசரியை நோக்கித் திரும்பி வரும் இந்தப் போக்குக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர், பிறகு கோடு பொருத்தும் முறை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. திரும்பிவருதல் என்ற பொருளை இன்றைய மாணவர் இம்முறையில் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

கோட்டைப் பொருத்தும் கணக்கு கால்டனுக்கும் முந்தியது. புள்ளிகளுக்கிடையே கோடு ஒன்றை வரைந்தால், ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலோ கீழோ சற்று விலகி நிற்கும். அந்தச் செங்குத்து விலகலே எச்சம். எச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே பொருத்தமான கோடு. இந்த மீச்சிறு வர்க்க முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். வானியலாருக்காகப் பிறந்த கருவி அது. அதனை மனிதர் கூட்டத்தின் மீது திருப்பியவர்களுள் முன்னோடி யூல்.

ஏழையர் சட்டமும் யூலின் கேள்வியும்

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இங்கிலாந்தின் ஊர்களை ஒன்றியங்களாகத் தொகுத்தது. யூலின் காலத்தில் ஏறத்தாழ 600 ஒன்றியங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு பாதுகாவலர் குழு நடத்தியது. உதவி இருவகையாக வழங்கப்பட்டது. ஏழையர் இல்லத்துக்குள் வந்து தங்குவோருக்குக் கிடைப்பது உள்ளுதவி. அங்கே கணவனும் மனைவியும் தனித்தனியே பிரிக்கப்படுவர், சீருடை அணிய வேண்டும், இட்ட வேலையைச் செய்ய வேண்டும். வீட்டில் இருந்தபடியே பணமாகவோ ரொட்டியாகவோ பெறுவது வெளியுதவி. முதியோரும் கைம்பெண்களும் பெரிதும் நம்பியிருந்தது வெளியுதவியைத்தான்.

1870களில் வெளியுதவியைக் குறைக்க வேண்டும் என்ற இயக்கம் வலுத்தது. எளிதாக உதவி கிடைப்பதால்தான் ஏழையர் எண்ணிக்கை பெருகுகிறது என்பது அவ்வியக்கத்தாரின் வாதம். லண்டன் ஏழையரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த சார்லஸ் பூத், 1894இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். வெளியுதவியின் அளவுக்கும் உதவி பெறுவோர் எண்ணிக்கைக்கும் பொதுவான தொடர்பு இல்லை என்றார். அந்த முடிவு சரிதானா என்று பார்க்கப் புறப்பட்டவர்தான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சனிடம் பணியாற்றிய இளைஞர் யூல்.

சமன்பாடு

யூல் எடுத்துக்கொண்ட சார்ந்த மாறி, மக்கள்தொகையில் உதவி பெறுவோர் விகிதம். அதனை விளக்கும் மாறிகள் மூன்று. முதலாவது வெளியுதவி விகிதம், அதாவது உள்ளுதவி பெறும் ஒருவருக்கு எத்தனை பேர் வெளியுதவி பெறுகின்றனர் என்பது. இரண்டாவது மக்கள்தொகையில் முதியோர் பங்கு. மூன்றாவது மக்கள்தொகை. எல்லாவற்றையும் 1871ஆம் ஆண்டு அளவை 100 எனக் கொண்டு, 1881இல் எவ்வளவு மாறியது என்ற சதவீதமாக அவர் கணக்கிட்டார். லண்டன் மாநகரின் 32 ஒன்றியங்களுக்குக் கிடைத்த சமன்பாடு இது:

உதவி பெறுவோர் விகித மாற்றம் = 13.19 + 0.755 × வெளியுதவி மாற்றம் − 0.022 × முதியோர் பங்கு மாற்றம் − 0.322 × மக்கள்தொகை மாற்றம் + எச்சம்

கென்சிங்டன் ஒன்றியத்தில் 1881இல் உதவி பெறுவோர் விகிதம் 1871இல் இருந்ததில் 27 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. வெளியுதவி விகிதம் 5 சதவீதமாக, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்தது. முதியோர் பங்கு 104, மக்கள்தொகை 136. மாற்றங்களாக எழுதினால் −73, −95, +4, +36. சமன்பாட்டில் இட்டால்:

13.19 − 71.73 − 0.09 − 11.59 = −70.2

சமன்பாடு எதிர்பார்த்தது 70.2 சதவீதக் குறைவு, நடந்தது 73 சதவீதக் குறைவு. எச்சம் −2.8. நல்ல பொருத்தம். எல்லா ஒன்றியங்களும் இப்படி அடங்கிவிடுவதில்லை. வெஸ்ட்மின்ஸ்டரின் எண்கள் 52, 27, 105, 91. இதற்கான கணக்கை மாணவர் தாமே தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. எச்சம் ஏறத்தாழ −9 என்று வந்தால் கணக்கு சரி. மென்பொருளைத் தொடுவதற்கு முன் இப்படி நான்கைந்து வரிகளைக் கையால் போட்டவருக்கு எச்சம் என்ற சொல் பிறகு ஒருபோதும் மறப்பதில்லை.

மற்றவை மாறாதிருக்க

வெளியுதவிக்கு உரிய கெழு 0.755. இதனை வாசிக்கும் முறை: முதியோர் பங்கும் மக்கள்தொகையும் ஒரே அளவில் மாறிய இரண்டு ஒன்றியங்களை ஒப்பிட்டால், வெளியுதவி விகிதத்தைக் கூடுதலாக 10 சதவீதம் குறைத்த ஒன்றியத்தில் உதவி பெறுவோர் விகிதம் சராசரியாகக் கூடுதலாக 7.55 சதவீதம் குறைந்திருக்கும். ‘ஒரே அளவில் மாறிய’ என்ற சொற்களை விட்டுவிட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

ஃபுல்ஹாம், செல்சி என்ற இரண்டு ஒன்றியங்கள் இதனைத் தெளிவாக்கும். இரண்டிலும் வெளியுதவி விகிதம் 1871இல் இருந்ததில் 21 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உதவி பெறுவோர் விகிதம் ஃபுல்ஹாமில் 31ஆகவும் செல்சியில் 64ஆகவும் இருந்தது. வெளியுதவியை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புரியாது. மக்கள்தொகையைப் பார்த்தால், ஃபுல்ஹாமில் அது 74 சதவீதம் கூடியிருந்தது, செல்சியில் 24 சதவீதமே. இந்த 50 சதவீத வேறுபாட்டை 0.322ஆல் பெருக்கினால் 16 வருகிறது. இரு ஒன்றியங்களுக்கும் இடையிலான 33 புள்ளி வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மக்கள்தொகை மாறி எடுத்துக்கொண்டுவிட்டது. மீதி செல்சியின் எச்சத்தில் கிடக்கிறது. அது +18க்குச் சற்றுக் குறைவு. செல்சியில் என்ன நடந்தது என்று இந்த மூன்று மாறிகளைக் கொண்டு சொல்ல முடியாது. பெரிய எச்சம் உள்ள இடத்துக்கு நேரில் போய் விசாரிப்பதே பயனுள்ள அடுத்த வேலை.

யூல் அளவுகளை விட்டு மாற்றங்களை எடுத்துக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. ஒன்றியத்துக்கு ஒன்றியம் தொழில், குடியிருப்பு, பழக்கவழக்கம் எல்லாம் வேறுபடும். அவற்றுள் பத்தாண்டுகளில் மாறாதவை, ஒரே ஒன்றியத்தின் இரண்டு காலங்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் கழிந்துபோகும். இன்று பல ஆண்டுத் தரவுகளை வைத்து நடக்கும் ஆய்வுகள் பலவும் இந்த எண்ணத்தின் மீதே நிற்கின்றன. அதேபோல், ஊர்ப்புறம், கலப்பு, நகர்ப்புறம், மாநகரம் என ஒன்றியங்களை வகைபிரித்துத் தனித்தனிச் சமன்பாடுகளை அவர் அமைத்தார். இன்று அதே வேலையை 0, 1 என்ற இரு மதிப்புகளை மட்டும் ஏற்கும் போலி மாறிகளைக் கொண்டு ஒரே சமன்பாட்டில் செய்யலாம். போலி மாறியை வெளியுதவி மாற்றத்தோடு பெருக்கிச் சேர்த்தால், மாநகரில் ஒரு சாய்வும் ஊர்ப்புறத்தில் வேறு சாய்வும் கிடைக்கும். இதுவே இடைவினை எனப்படுவது. இடைவினை சேர்ந்த சமன்பாட்டில் ஒற்றைக் கெழுவைத் தனியே எடுத்து வாசிக்கக் கூடாது.

திட்டப் பிழை

முதியோர் பங்குக்கு உரிய கெழு −0.022. முதியோர் கூடினால் உதவி பெறுவோரும் கூடுவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். இங்கே குறி தலைகீழாக இருக்கிறது. இதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துப் பத்தி எழுதத் தொடங்கும் முன், இந்த எண் எவ்வளவு உறுதியானது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்வது திட்டப் பிழை. வேறொரு தொகுதித் தரவு கிடைத்திருந்தால் கெழு எவ்வளவு அசைந்திருக்கும் என்பதன் மதிப்பீடு அது. கெழு தன் திட்டப் பிழையைப் போல் ஏறத்தாழ இருமடங்குக்கு மேல் இருந்தால்தான் சுழியிலிருந்து வேறுபட்டது என்று கொள்வது வழக்கம். 32 ஒன்றியங்களை வைத்து 4 எண்களை மதிப்பிடும்போது, சுழிக்கு இவ்வளவு அருகில் உள்ள கெழுவின் குறியை நம்பி எதையும் எழுதுவது துணிச்சல்.

மென்பொருள் தரும் பி மதிப்பும் இதே கேள்விக்கான விடையே. உண்மையில் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்கிறது. கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை அது சொல்லவில்லை. தேர்வுத் தாள்களில் மிகுதியாகக் காணப்படும் தவறு இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே. சார்ந்த மாறியின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைச் சமன்பாடு உள்ளடக்கியது என்பதைத் தீர்மானக் கெழு காட்டும். அது உயர்ந்திருப்பதால் மட்டும் காரணம் கிடைத்துவிட்டதாகாது.

விடுபட்ட மாறி

லண்டனில் உதவி பெறுவோர் விகிதம் குறைந்ததற்கு வெளியுதவிக் குறைப்பே பெரும் காரணம் என்ற தொனியில் யூலின் கட்டுரை முடிவுக்கு வந்தது. ஆனால் அதே கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், ‘காரணமாக’ என்று எழுதிய இடங்களில் ‘தொடர்புடையதாக’ என்று கண்டிப்பாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்று அவரே எச்சரித்தார். இந்தச் சிறு அடிக்குறிப்பு இன்று மூலக் கட்டுரையைப் போலவே புகழ் பெற்றது. எச்சரிக்கையை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு முடிவை உடற்பகுதியில் எழுதும் வழக்கம் இன்றைய ஆய்வேடுகளிலும் குறையவில்லை.

பொருளியலறிஞர் பிகூ இந்த ஆய்வின் பலவீனத்தைச் சுட்டினார். திறமையாக நிர்வகிக்கப்பட்ட ஒன்றியங்கள் வெளியுதவியையும் குறைத்திருக்கும், வேறு வழிகளில் ஏழையர் எண்ணிக்கையையும் குறைத்திருக்கும். நிர்வாகத் திறமை அளக்கப்படவில்லை, சமன்பாட்டில் இடம் பெறவும் இல்லை. அப்படியானால் அந்தத் திறமையின் விளைவு முழுவதும் வெளியுதவியின் கெழுவில் போய்ச் சேர்ந்துவிடும். இதுவே விடுபட்ட மாறியால் வரும் சாய்வுப் பிழை. விடுபட்ட மாறி சார்ந்த மாறியையும் பாதித்து, சமன்பாட்டில் உள்ள மாறியோடும் ஒட்டுறவு கொண்டிருந்தால்தான் இப்பிழை எழும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் கவலை இல்லை. ‘மற்றவை மாறாதிருக்க’ என்பதில் ‘மற்றவை’ சமன்பாட்டில் எழுதப்பட்டவை மட்டுமே என்பதை மாணவர் மறக்கக் கூடாது. தரவின் அளவைப் பெருக்குவதால் இந்தப் பிழை தீராது. 32க்குப் பதில் 32,000 ஒன்றியங்கள் இருந்தாலும் தவறான எண்ணையே மிகத் துல்லியமாகப் பெறுவோம்.

ஊர்க்கணக்கும் ஆள்கணக்கும்

யூலின் தரவில் உள்ள ஒவ்வொரு வரியும் ஓர் ஒன்றியம், ஒரு மனிதர் அன்று. ஒன்றியங்களுக்கிடையே காணும் தொடர்பு அங்கே வாழும் தனி மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. இதனை 1950இல் சமூகவியலர் வில்லியம் ராபின்சன் அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு மெய்ப்பித்தார். வெளிநாட்டில் பிறந்தோர் பங்குக்கும் எழுத்தறிவின்மைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, 48 மாநிலங்களை அலகாகக் கொண்டபோது −0.526. குடியேறியோர் மிகுந்த மாநிலத்தில் எழுத்தறிவின்மை குறைவு என்று பொருள். தனி ஆட்களை அலகாகக் கொண்டபோதோ +0.118. குடியேறியவரிடையேதான் எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியதால் வந்த முரண் இது. மாவட்ட வாரித் தரவை வைத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதும் எவரும் தம் கெழுவின் முன் இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதை எண்ணினார்கள்

யூலின் ஆய்வில் இன்னொரு சிக்கல் உண்டு. அது புள்ளியியலைவிட வரையறையைச் சார்ந்தது. சார்ந்த மாறி வறுமை அன்று, உதவி பெறுவோரின் எண்ணிக்கை. உதவிப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் அந்தக் கணக்கில் வருவார்.

கற்பனையாக 1,000 பேர் வாழும் ஒன்றியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 பேர் ஏழையர் இல்லத்தில் உள்ளனர், 40 பேர் வெளியுதவி பெறுகின்றனர். உதவி பெறுவோர் 5 சதவீதம், வெளியுதவி விகிதம் 4. பாதுகாவலர் குழு 30 பேரின் வெளியுதவியை நிறுத்துகிறது. அவர்களில் ஒருவரும் இல்லத்துக்குள் வர விரும்பவில்லை. கணவரைப் பிரிந்து அங்கே போவதைவிடப் பட்டினி மேல் என்று வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். இப்போது உதவி பெறுவோர் 2 சதவீதம், வெளியுதவி விகிதம் 1. இரண்டும் சேர்ந்தே குறைந்தன, சமன்பாட்டில் நேர்க் கெழு வரும். ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, ஒருவர் வீட்டிலும் கூடுதலாக அடுப்பு எரியவில்லை. வெளியுதவி பெறும் அதே மனிதர்கள் சமன்பாட்டின் இரு பக்கமும் எண்ணப்படுகின்றனர் என்பதால் எழும் தொடர்பு இது. 0.755 என்ற கெழுவில் எவ்வளவு இப்படி வந்தது, எவ்வளவு உண்மையான மாற்றத்தால் வந்தது என்பதை அந்தத் தரவைக் கொண்டே பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு, உதவி நிறுத்தப்பட்டவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்ற வேறொரு தரவு வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் வரலாற்றில் கிடைக்கிறது. முதியோருக்கு அரசே ஓய்வூதியம் தர வேண்டும் என்று பூத் நெடுங்காலம் வாதாடியவர். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி, 70 வயது கடந்த தகுதியுடைய ஏழையருக்கு 1909 ஜனவரி முதல் வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கப்பட்டது. ஏழையர் சட்ட உதவி பெற்றோருக்கு ஓய்வூதியம் இல்லை என்று முதலில் இருந்த தடை 1911இல் நீங்கியது. அதன்பின் வெளியுதவிப் பதிவேட்டில் இருந்த முதியோர் எண்ணிக்கை பெருமளவு வீழ்ந்தது. அவர்கள் அஞ்சலகத்தில் ஓய்வூதியம் வாங்கச் சென்றுவிட்டனர். 1870களிலும் பதிவேட்டின் எண் இறங்கியது, 1911இலும் இறங்கியது. மாறிகளின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சரிவாகத் தெரியும்.